லிங்கன் தோற்றுக்கொண்டே இருந்தவரா? ஒரு சின்ன ஊர் வக்கீல், எம்.எல்.ஏ.வின் 25 வருஷம்

நீங்கள் கேட்டது இது: ஆபிரகாம் லிங்கன் தேர்தலில் தோற்றார், கடனாளியானார், மனம் உடைந்தார், கடைசியில் ஜனாதிபதியானார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘லிங்கனின் தோல்விப் பட்டியல்’ உண்மையா? உண்மையென்றால், அத்தனை முறை தோற்றவர் இடையில் எதைச் செய்து பிழைத்தார்? வக்கீலாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் ஒரே சமயத்தில் இருக்க அவருக்கு நேரம் எங்கிருந்து வந்தது? பட்டியலைப் பற்றிய சந்தேகம் போலத் தெரிந்தாலும், 1834-லிருந்து 1860 வரை அந்த மனிதர் அன்றாடம் என்ன வேலை பார்த்தார் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சொல்லப் போதுமான சான்று இருக்கிறது. கோர்ட் பதிவேடுகள், அவர் கைப்பட எழுதிய மனுக்கள், இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் எல்லாம் மிஞ்சியிருக்கின்றன. இவை ஒரு வகை. அவர் இறந்த பிறகு, தெரிந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னது இன்னொரு வகை. அவருடைய தொழில் கூட்டாளி வில்லியம் ஹெர்ன்டன் 1865-க்குப் பிறகு திரட்டியவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். இரண்டையும் கலக்காமல் சொல்கிறேன்.

முதலில் பட்டியல். அதில் பொய்யைவிட விட்டுப்போனதுதான் அதிகம். 1832-ல் சட்டமன்றத் தேர்தலில் தோற்றார் என்பது சரி. 13 பேர் நின்றதில் எட்டாவதாக வந்தார். ஆனால் அவர் குடியிருந்த நியூ சேலம் வாக்குச்சாவடியில் பதிவான 300 ஓட்டில் 277 அவருக்கு விழுந்தது. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் போட்டார்கள், தெரியாதவர்கள் போடவில்லை, அவ்வளவுதான். இரண்டே வருஷத்தில், 1834-ல், 13 பேரில் இரண்டாவதாக வந்து ஜெயித்தார். 1836-ல் சாங்கமன் கவுண்டியில் (கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் ஒரு மாவட்டம் மாதிரி) நின்ற 17 பேரில் முதலிடம். 1838-லும் 1840-லும் மறுபடி வெற்றி. 1840-ல் மட்டும் ஜெயித்தவர்களில் கடைசியாக வந்தார், அதற்கான காரணத்துக்குப் பின்னால் வருகிறேன். 1848-ல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றதாகப் பட்டியல் சொல்கிறது. அந்த வருஷம் அவர் நிற்கவே இல்லை. லிங்கன் அன்று இருந்த விக் கட்சியினர் அந்தத் தொகுதியை ஆளுக்கு ஒரு முறை என்று பகிர்ந்துகொண்டிருந்தார்கள், அவர் முறை முடிந்திருந்தது. 1836-ல் மனம் உடைந்து படுத்துவிட்டார் என்ற வரிக்கும் ஆதாரம் கிடையாது. அவர் கடுமையான மனச்சோர்வில் விழுந்தது 1841 ஜனவரியில். அது அவருடைய கடிதத்திலேயே இருக்கிறது. 1835-ல் இறந்த ஆன் ரட்லெட்ஜுக்கும் அவருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்பது முழுக்க பிற்கால நினைவுகளை நம்பிச் சொல்வது. நடந்திருக்கலாம், உறுதியில்லை. இதே வரிசையில் வரும், மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதத்துக்கு மூலம் எங்கும் கிடையாது. அதை நம்பவே வேண்டாம்.

கடன் மட்டும் உண்மை. வில்லியம் பெர்ரியோடு கூட்டாக நடத்திய கடை நொடித்தது. 1835 ஜனவரியில் பெர்ரி இறந்ததும் முழுக் கடனும் லிங்கன் தலையில் விழுந்தது. சுமார் 1,100 டாலர். நாட்டுக் கடன் மாதிரி என்று அவரே அதைச் சொல்வார். பல வருஷம் பிடித்தது அடைக்க. இடைப்பட்ட காலத்தில் நியூ சேலத்தின் போஸ்ட்மாஸ்டர் வேலை, அதோடு துணை நில அளவையர் வேலை. சட்டமன்றத்துக்குப் போகும் முன்பே அவர் கவுண்டி முழுக்க நடந்து நிலம் அளந்திருந்தார், வீடு வீடாகக் கடிதம் கொடுத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். 1832-ல் தெரியாதவர்களாக இருந்தவர்கள் 1834-க்குள் தெரிந்தவர்கள் ஆனது இப்படித்தான்.

வக்கீல் ஆனது எப்படி? சட்டக் கல்லூரி வாசலை அவர் மிதித்ததில்லை. 1834 பிரசாரத்தின்போது ஜான் டாட் ஸ்டூவர்ட் என்ற ஸ்பிரிங்ஃபீல்டு வக்கீல், சட்டம் படி என்று சொல்லித் தன் புத்தகங்களை இரவல் கொடுத்தார். அன்றைய இல்லினாயில் நடைமுறை மூன்று படி. நன்னடத்தை உள்ளவர் என்று உள்ளூர் கோர்ட் பதிவு செய்ய வேண்டும். அது 1836 மார்ச்சில் நடந்தது. மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் கையெழுத்திட்ட சன்னது, அதாவது வக்கீல் உரிமம், வாங்க வேண்டும். அது 1836 செப்டம்பர் 9. பிறகு அந்த நீதிமன்றத்தின் வக்கீல் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். 1837 மார்ச் 1-ல் ஏறியது. ஆக, அவர் முதலில் எம்.எல்.ஏ., பிறகுதான் வக்கீல். இந்த வரிசையைப் பலரும் மாற்றிச் சொல்கிறார்கள். சட்டமன்றத்தில் உட்கார்ந்து மசோதா எழுதக் கற்றதே அவருக்குச் சட்ட மொழியில் முதல் பயிற்சி.

இனி நேரக் கணக்கு. உங்கள் கேள்வியின் மையம் அதுதான், அதற்கு விடை காலண்டரில் இருக்கிறது. சட்டமன்றம் வருஷம் முழுக்கக் கூடாது. இரண்டு வருஷப் பதவிக்காலத்தில் முதல் கூட்டத்தொடர் 1834 டிசம்பர் 1-ல் தொடங்கி 1835 பிப்ரவரி 13-ல் முடிந்தது. பத்துப் பதினோரு வாரம். படி நாளுக்கு 3 டாலர். மாநில உச்ச நீதிமன்றமும் தலைநகரில் பெரும்பாலும் குளிர்காலத்தில் உட்காரும். மாவட்ட அளவிலான சர்க்யூட் கோர்ட் ஊர் ஊராக நகரும், வசந்தத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று. தேர்தல் ஆகஸ்ட் முதல் திங்கள், எனவே பிரசாரம் கோடையில். குளிர்காலம் சட்டமன்றம், வசந்தமும் இலையுதிர் காலமும் கோர்ட், கோடை ஓட்டு. ஒன்றோடு ஒன்று மோதாமல் பல் சக்கரம் போல விழுந்தது. சின்ன ஊர் வக்கீல்கள் அத்தனை பேர் அரசியலுக்கு வந்ததற்கு இந்தக் காலண்டர் ஒரு முக்கியக் காரணம். விவசாயிக்கோ கடைக்காரருக்கோ இந்த வசதி இல்லை.

சுற்றுப்பயணம் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் உருவானது அங்கேதான். அவர் சுற்றிய எட்டாவது சர்க்யூட் அதன் பெரிய அளவில் 14 கவுண்டிகள் கொண்டது. ஒரு சுற்று முடிய பத்து வாரத்துக்கு மேல். 1848-லிருந்து நீதிபதி டேவிட் டேவிஸ். அவரும் வக்கீல்களும் ஒன்றாகவே கிளம்புவார்கள், குதிரையிலோ ஒற்றைக் குதிரை வண்டியிலோ. வழியில் பாலமில்லாத ஓடைகள், மழை பெய்தால் சக்கரம் புதையும் புல்வெளிச் சேறு. சத்திரத்தில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். டேவிஸ் மட்டும் கிட்டத்தட்ட 300 பவுண்டு எடை என்பதால் அவருக்குத் தனிக் கட்டில். கவுண்டித் தலைநகரில் இறங்கியதும் உள்ளூர் வக்கீல்கள் வந்து, இந்த வழக்கில் எனக்குத் துணை நில் என்பார்கள். கட்சிக்காரரைப் பார்த்து அரை மணி நேரத்தில் ஜூரி முன் நிற்க வேண்டியிருக்கும். கையில் நூலகம் கிடையாது, ஒன்றிரண்டு புத்தகம் மட்டும். பெரும்பாலான வக்கீல்கள் பக்கத்து இரண்டு மூன்று கவுண்டிகளோடு திரும்பிவிடுவார்கள். சர்க்யூட் முழுவதும் சுற்றியவர்கள் நீதிபதியும் லிங்கனும் இன்னும் ஓரிருவரும்தான். டேவிஸுக்கு வேறு வேலை வந்தால் லிங்கனை நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார், கோர்ட் பதிவேடுகளில் லிங்கனின் கையெழுத்து அதைக் காட்டுகிறது. ரயில் வந்த பிறகு மற்றவர்கள் வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனபோதும் இவர் பல முறை தங்கிவிட்டார். வீட்டில் நிம்மதியில்லாததால்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது ஊகம். தொழிலுக்கும் அரசியலுக்கும் அங்கே இருப்பது லாபம் என்பது நிச்சயம்.

என்ன வழக்குகள்? அவரும் கூட்டாளிகளும் நடத்தியவை சுமார் 5,000-க்கு மேல். கொலை வழக்குகள்தான் கதைகளில் வரும், அவை முப்பதைக்கூடத் தொடாது. பாதிக்கு மேல் கடன் வசூல், அதிலும் புரோநோட்டு வழக்குகள். நடைமுறை இப்படி: நோட்டின் நகலோடு பிராது எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். ஷெரீஃப் சம்மன் சார்பு செய்வார். எதிராளி பெரும்பாலும் வரமாட்டார், அவர் இல்லாமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. கோர்ட் எழுத்தர் அசலும் வட்டியும் கூட்டித் தொகை எழுதுவார். சுலபமாகத் தெரியும், ஆனால் கண்ணி இருக்கிறது. அன்று பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்ட முறை. வழக்குக்கு வகை வகையாகப் படிவம் உண்டு. தவறான வகையைத் தேர்ந்தெடுத்தாலோ, தேதியோ தொகையோ நோட்டில் உள்ளதோடு ஒட்டாமல் போனாலோ, எதிர்த்தரப்பு அந்த ஓட்டையை வைத்தே பிராதைத் தள்ளுபடி செய்ய வைக்கும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் செலவுத் தொகை உங்கள் தலையில். இதைக் கவனமாகச் செய்யக் கற்றுக்கொடுத்தவர் இரண்டாவது கூட்டாளி ஸ்டீஃபன் லோகன், 1841 முதல் 1844 வரை. முதல் கூட்டாளியான ஸ்டூவர்ட் அரசியலிலேயே மூழ்கியவர், 1839-ல் வாஷிங்டன் போனதும் அலுவலகம் முழுக்க இளைய வக்கீலின் தலையில் விழுந்தது. மூன்றாவதாக வந்த ஹெர்ன்டனோடு கூட்டு 1844-லிருந்து கடைசிவரை, வருமானம் சரிபாதி.

கடன் வழக்குக்கு அடுத்து ஊர் வழக்குகள். பன்றி திருடினான் என்றான், என் மனைவியைப் பற்றித் தப்பாகப் பேசினான் என்று மான நஷ்ட வழக்குகள் ஏராளம். ஜூரி நூற்றுக்கணக்கில் டாலர் தீர்ப்புக் கொடுத்த பிறகு, வென்றவர் அதில் பெரும்பகுதியை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த வழக்குகள் உண்டு. காசு வேண்டியிருக்கவில்லை, ஊர் முன்னால் பெயர் சுத்தமானால் போதும். இப்படிப்பட்ட வழக்குகளில் லிங்கன் சமரசத்துக்கே தள்ளினார். சட்டம் படிப்பவர்களுக்காக அவர் எழுதிவைத்த குறிப்பு ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் அவர் வற்புறுத்துவது: வழக்குப் போடாமல் தடுக்கப் பார், பெயருக்கு ஜெயித்தவன் ஃபீஸ், செலவு, வீணான நேரம் என்று உண்மையில் தோற்றவனாகத்தான் இருப்பான், வந்த வேலையை அன்றே முடி, முழு ஃபீஸையும் முன்கூட்டி வாங்காதே, வாங்கிவிட்டால் வேலையில் அக்கறை போய்விடும். இது வெறும் உபதேசமாக நிற்கவில்லை. 1856 பிப்ரவரியில் ஒருவர் ஒரு பத்திரம் எழுதியதற்கு 25 டாலர் அனுப்பினார். 15 போதும் என்று லிங்கன் 10 டாலரைத் திருப்பி அனுப்பினார். அந்தக் கடிதம் இருக்கிறது.

அவரிடம் குறையும் இருந்தது. காகிதம் பேணுவதில் ஒழுங்கு கிடையாது. உயரமான தொப்பிக்குள் கடிதங்களைச் சொருகிவைக்கும் பழக்கம். 1850-ல் ஒரு வக்கீலுக்குப் பதில் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதுகிறார்: உங்கள் கடிதம் வந்ததும் பழைய தொப்பியில் வைத்தேன், மறுநாள் புதுத் தொப்பி வாங்கினேன், பழையதை ஒதுக்கி வைத்ததில் கடிதமும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது என்று. இது கதையல்ல, அவரே எழுதியது. அலுவலகத்தில் ஒரு காகிதக் கட்டின்மேல், வேறெங்கும் கிடைக்காவிட்டால் இதில் தேடு என்று எழுதியிருந்தார் என்பது மட்டும் ஹெர்ன்டன் வாய்மொழி.

ஃபீஸ் பெரும்பாலும் 5 டாலர், 10 டாலர், 20 டாலர். ஸ்டூவர்ட்டோடு இருந்த காலத்துக் கணக்குப் புத்தகத்தில், ஒரு கட்சிக்காரர் ஃபீசுக்கு ஈடாக 15 டாலர் மதிப்புள்ள கோட்டு ஒன்றை ஸ்டூவர்ட்டுக்குக் கொடுத்ததாக வரவு இருக்கிறது. எண்ணிக்கையில்தான் வருமானம், ஒரே வழக்கில் அல்ல. விதிவிலக்கு இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே வழக்கு. கவுண்டிகள் அந்த ரயில்வேக்குச் சொத்துவரி போட முடியுமா என்ற கேள்வியில் 1856-ல் உச்ச நீதிமன்றத்தில் கம்பெனிக்காக ஜெயித்தார். 5,000 டாலர் பில் அனுப்பினார். அன்று ஒரு சர்க்யூட் நீதிபதியின் ஒரு வருஷச் சம்பளமே 1,000 டாலர்தான். கம்பெனி கொடுக்க மறுத்தது. 1857-ல் அந்தக் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டு, முன்பு வாங்கிய 200 போக 4,800-க்குத் தீர்ப்பு வாங்கினார். பாதி ஹெர்ன்டனுக்குப் போனது. இதற்குப் பிறகும் அந்தக் கம்பெனியின் வழக்குகளை அவர் நடத்தினார். கடனை அடைத்துக்கொண்டிருந்தவர் 1844-ல் ஸ்பிரிங்ஃபீல்டில் வீடு வாங்கினார். 1,200 டாலர் ரொக்கம், அதோடு 300 டாலர் மதிப்புள்ள ஒரு மனை. அமெரிக்காவில் அவர் சொந்தமாக வைத்திருந்த ஒரே வீடு அது.

இப்போது சட்டமன்றம். முதல் கூட்டத்தொடரில் அவர் செய்தது பெரும்பாலும் சின்ன வேலை. சால்ட் கிரீக் ஓடைமேல் ஒருவர் சுங்கப் பாலம் கட்ட அனுமதி, இது போன்றவை. இதைச் சின்னதென்று ஒதுக்கக் கூடாது. அன்று சாலை, பாலம், புதுக் கவுண்டி எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சட்டம் வேண்டும். தொகுதிக்காரர் உறுப்பினரைத் தேடி வருவதே அதற்காகத்தான். 1836-ல் சாங்கமனிலிருந்து போன ஒன்பது பேரும், மேலவை இருவர், கீழவை ஏழு பேர், நல்ல உயரமானவர்கள் என்று ‘நெட்டை ஒன்பது’ என்றே பெயர். அவர்கள் குறி ஒன்றே ஒன்று: தலைநகரை வண்டேலியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொண்டுவருவது. 1837 பிப்ரவரி 28-ல் நான்காவது சுற்று ஓட்டில் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு 73 கிடைத்து முடிந்தது. அதற்கு ஊர் 50,000 டாலர் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பணம் முழுதாகத் திரளாததால் 101 ஊர்க்காரர்கள் 16,666 டாலர் 67 சென்ட்டுக்கு வங்கியில் நோட்டு எழுதிக்கொடுத்தார்கள். கடன்காரரான லிங்கனும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அந்த ஓட்டுக்கு முந்தைய நாள் வேறொரு சட்டம் நிறைவேறியது, உள்கட்டமைப்புச் சட்டம். ரயில்பாதை, கால்வாய், ஆறு தூர்வாருதல் எல்லாவற்றுக்குமாக ஒரு கோடி டாலருக்கு மேல். 1840-ல்கூட மாநிலத்தின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தை எட்டவில்லை. எந்தப் பகுதியும் விட்டுப்போகக் கூடாது என்று திட்டம் இல்லாத கவுண்டிகளுக்கு 2 லட்சம் டாலரைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். எது கெடுத்தது என்று பார்த்தால் சட்டத்திலேயே இருக்கிறது: எல்லாப் பாதைகளையும் ஒரே சமயத்தில், ஒவ்வொன்றிலும் பல இடங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஒன்றை முடித்து அதன் வருமானத்தில் அடுத்ததைப் போடும் வழியே இல்லை. எங்கும் துண்டு துண்டாக மண் மேடு, எங்கும் ஓடும் ரயில் இல்லை. அதே 1837-ல் நாடு தழுவிய நிதி நெருக்கடி வந்தது, கடனுக்கு வட்டி கட்டவே முடியாமல் மாநிலம் திவால் விளிம்புக்குப் போனது. மெரிடோசியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை ஒரு பாதை மட்டும் 1842-ல் முடிந்தது. லிங்கன் இதைத் தள்ளி நின்று பார்த்தவர் அல்ல, முன்னின்று ஆதரித்தவர். நெருக்கடி வந்த பிறகும் கைவிட மறுத்தார். 1840-ல் அவர் கடைசி இடத்தில் ஜெயித்ததற்கு இந்த அதிருப்தி ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. தலைநகர் ஓட்டுக்காக ரயில்பாதைகளைப் பேரம் பேசினார்களா? எதிராளிகள் அன்றே அப்படிக் குற்றம்சாட்டினார்கள். அடுத்தடுத்த நாள் தேதியைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் உறுப்பினர்கள் போட்ட ஓட்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த வரலாற்றாசிரியர்கள் பேரத்துக்கு வலுவான தடயம் இல்லை என்கிறார்கள். இதைத் தீர்ந்த விஷயமாகச் சொல்ல மாட்டேன்.

பலரும் கவனிக்காத ஒரு விளைவு உண்டு. தலைநகர் வந்ததும் மாநில உச்ச நீதிமன்றமும் கூட்டரசு நீதிமன்றமும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கே வந்தன. தூரத்துக் கவுண்டி வக்கீல்கள் மேல்முறையீட்டுக்காக அங்கே வந்து தங்க முடியாது, உள்ளூர் வக்கீலிடம் வழக்குக் காகிதங்களை அனுப்பிவிடுவார்கள். உச்ச நீதிமன்றத்தில் லிங்கன் முந்நூறுக்கும் மேற்பட்ட வழக்குகளில் நின்றது இதனால்தான். எம்.எல்.ஏ.வாக அவர் ஊருக்குச் செய்தது வக்கீலாக அவர் வீட்டுக்கும் சோறு போட்டது. அன்று இதை யாரும் தவறாகப் பார்க்கவில்லை, ஆனால் இரண்டு வேலையும் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

1840 டிசம்பரில் லிங்கன் சட்டமன்ற ஜன்னல் வழியாகக் குதித்ததாகச் சொல்லப்படும் சம்பவம் நடந்ததுதான். மாநில வங்கி, நோட்டுக்கு ஈடாக நாணயம் தராமல் நிறுத்திவைக்க அந்தக் கூட்டத்தொடர் முடியும் வரைதான் அவகாசம். ஜனநாயகக் கட்சியினர் கூட்டத்தொடரை உடனே முடித்துவிடப் பார்த்தார்கள். விக் உறுப்பினர்கள் வராமல் இருந்தால் குறைந்தபட்ச எண்ணிக்கை சேராது, தீர்மானம் நிற்காது. கவனிக்க உள்ளே இருந்த லிங்கனும் இன்னும் இருவரும் தப்பு நடக்கப்போவதை உணர்ந்து வாசல் பூட்டியிருந்ததால் ஜன்னலில் இறங்கினார்கள். பலனில்லை, அவர்களையும் சேர்த்து எண்ணி முடித்திருந்தார்கள். கட்சி ஒழுங்கில் ஊறிய ஒருவர் செய்கிற காரியம் அது. அப்போது அவர் விக் கட்சியின் சட்டமன்றத் தலைவர். சபாநாயகர் பதவிக்குத் தோற்றதைப் பட்டியல் பெரிதாகச் சொல்கிறது. 1838-லும் 1840-லும் தோற்றது உண்மைதான். ஆனால் அவரை நிறுத்தினார்கள் என்பதே கட்சியில் அவர் எங்கே நின்றார் என்று காட்டுகிறது.

அடிமை முறை விஷயத்தில் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும், ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் நேர்மையாகாது. 1837 ஜனவரியில் அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்து கீழவை 77-க்கு 6 என்று தீர்மானம் போட்டபோது, அந்த ஆறு பேரில் அவர் ஒருவர். மார்ச் 3-ல் டான் ஸ்டோனோடு சேர்ந்து, அடிமை முறை அநீதியின் மேலும் கெட்ட கொள்கையின் மேலும் நிற்பது என்று எதிர்ப்பைப் பதிவு செய்தார். அதே குறிப்பில் ஒழிப்புப் பிரசாரம் தீமையைக் கூட்டும் என்றும் எழுதியிருக்கிறார். வக்கீலாக, 1841-ல் பெய்லி எதிர் க்ரோம்வெல் வழக்கில், நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை விற்றதற்காக எழுதிய நோட்டு செல்லாது, சுதந்திர மண்ணில் மனிதரை விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஆனால் 1847 அக்டோபரில் கோல்ஸ் கவுண்டியில் மேட்சன் என்ற அடிமை முதலாளிக்காக நின்றார். கென்டக்கியிலிருந்து கொண்டுவந்து இல்லினாய்ப் பண்ணையில் வேலை வாங்கிய ஜேன் பிரையன்ட்டையும் குழந்தைகளையும் திரும்பப் பெற மேட்சன் கேட்டார். கோர்ட் அவர்களை விடுவித்தது, லிங்கன் தரப்பு தோற்றது. முதலில் வந்த கட்சிக்காரரை மறுக்க முடியாது என்ற தொழில் வழக்கத்தால் எடுத்தார் என்று சமாதானம் சொல்வார்கள். அது விளக்கமாக இருக்கலாம், ஆனால் அந்த வக்காலத்தை அது நல்லதாக்கிவிடாது.

அவர் கோர்ட்டில் எதில் கெட்டிக்காரர் என்று கேட்டால், 1858 மே மாதம் பியர்ட்ஸ்டவுனில் டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற பையன் மேல் நடந்த கொலை வழக்கைப் பார்க்கலாம். 1857 ஆகஸ்ட் 29 ராத்திரி அடிதடி, ஒருவர் இறந்தார். 150 அடி தூரத்திலிருந்து, தலைக்கு மேல் நிலா வெளிச்சத்தில் அடித்ததைப் பார்த்தேன் என்றார் சாட்சி. மணி பதினொன்று என்றார். குறுக்கு விசாரணையில் லிங்கன் அவரை மடக்கவில்லை. நிலா எங்கே இருந்தது, எவ்வளவு வெளிச்சம் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, சொன்னதையே உறுதியாகச் சொல்ல வைத்தார். பிறகுதான் 1857-ம் வருஷப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொடுத்தார். அந்த நேரம் நிலா அடிவானத்துக்கு அருகே இறங்கி, நள்ளிரவைத் தாண்டியதும் மறைந்துவிட்டது. வரிசை மாறியிருந்தால் வேலை கெட்டிருக்கும். முதலிலேயே பஞ்சாங்கத்தைக் காட்டியிருந்தால் சாட்சி நேரத்தை மாற்றிச் சொல்லித் தப்பியிருப்பார். காயம் வேறு விதமாகவும் ஏற்பட்டிருக்கலாம் என்ற மருத்துவச் சாட்சியமும் சேர்ந்து விடுதலை வாங்கித் தந்தது. பையனின் அம்மாவிடம் ஃபீஸ் வாங்கவில்லை. பஞ்சாங்கத்தில் தேதியைத் திருத்தினார் என்ற வதந்தி நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. வானியல் கணக்கு போட்டுப் பார்த்ததில் அன்று நிலா பஞ்சாங்கம் சொன்ன இடத்தில்தான் இருந்தது.

கடைசியாக, இந்த வேலையெல்லாம் அவரை எப்படி ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கியது என்பது. அப்போது செனட்டரைத் தேர்ந்தெடுப்பது மாநிலச் சட்டமன்றம். 1854-ல் மறுபடி சட்டமன்றத்துக்கு ஜெயித்தும், செனட்டுக்கு நிற்பதற்காக அந்த இடத்தை ஏற்காமல் விட்டார். 1855 பிப்ரவரி 8-ல் முதல் சுற்றில் லிங்கனுக்கு 44 ஓட்டு, லைமன் டிரம்புல்லுக்கு 5. அந்த ஐந்து பேர், அடிமை முறை பரவலை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள், கடைசிவரை அசையவில்லை. எதிர்த்தரப்பு வேறொருவரைக் கொண்டுவந்து ஜெயித்துவிடும் என்று கணக்குப் போட்ட லிங்கன், பத்தாவது சுற்றில் தன் ஆட்களை டிரம்புல்லுக்குப் போடச் சொல்லித் தோற்றார். அந்த ஐந்து பேரில் ஒருவர் நார்மன் ஜட், சிகாகோ ரயில்வே வக்கீல். இரண்டே வருஷத்தில், 1857 செப்டம்பரில், மிசிசிப்பி ஆற்றின் முதல் ரயில் பாலத்தில் நீராவிக் கப்பல் மோதிய வழக்கில் ஜட்டும் லிங்கனும் பாலக் கம்பெனிக்காக ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். கோர்ட்டுக்கு வெளியே பகையைச் சுமப்பது சர்க்யூட் வக்கீல்களுக்குக் கட்டுபடியாகாது, இன்றைய எதிர்த்தரப்பு அடுத்த ஊரில் கூட்டாளி. விக் கட்சி கலைந்த பிறகு லிங்கன் சேர்ந்த குடியரசுக் கட்சி 1860-ல் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த மாநாட்டைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்ததில் ஜட்டின் கை பெரிது. அங்கே ஹோட்டல் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு மாநிலப் பிரதிநிதிகளிடமும் பேசியவர் நீதிபதி டேவிஸ், அவரைச் சுற்றி லோகன், ஸ்வெட், லேமன் என்று பழைய கோர்ட் நண்பர்கள். மே 18 முதல் சுற்றில் முன்னணிப் போட்டியாளர் சீவார்டுக்கு 173½, லிங்கனுக்கு 102. மூன்றாவது சுற்றில் முடிந்தது. மாநாட்டு மேடையில் லிங்கன் பெயரை முன்மொழிந்தவர், 1855-ல் அவருக்கு ஓட்டுப் போட மறுத்த அதே நார்மன் ஜட்.